தாவரத் துணையுணவும் உடற்பயிற்சியும்: எதை முதலில் தொடங்குவது?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் மூன்று நான்கு எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகி வந்த அன்றே பலர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கிவிடுகிறார்கள். காலையில் நடைப்பயிற்சி, இரவில் இரண்டு வகை மூலிகைக் காப்சூல், இடையில் யாரோ சொன்ன ஒரு பொடி, கூடவே உணவிலும் பாதிக் குறைப்பு. மூன்று மாதம் கழித்து எண்கள் இறங்கியிருந்தால் எதனால் இறங்கின என்று சொல்ல முடிவதில்லை; கல்லீரல் நொதி ஏறியிருந்தால் எதை நிறுத்துவது என்றும் விளங்குவதில்லை. அதனால்தான், சப்ளிமெண்ட் என்ற பெயரில் விற்கப்படும் தாவரத் துணையுணவுகளையும் உடற்பயிற்சியையும் பற்றிய இந்த வழிகாட்டி, எந்த வரிசையில் தொடங்குவது என்பதையே முதன்மையாகப் பேசுகிறது. முதலில் அளவெடுக்க வேண்டும், அடுத்து உடற்பயிற்சி, அதன்பின் தேவை இருந்தால் ஒரே ஒரு துணையுணவு, பிறகு மறுபடியும் அளவு.

படி 1: தொடங்குவதற்கு முன் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

உண்டதை எரிபொருளாகவும் சேமிப்பாகவும் மாற்றும் வேலை உடலில் ஒழுங்காக நடக்கிறதா என்பதை ஐந்து அளவுகளைக் கொண்டு மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். வயிற்றுச் சுற்றளவு (தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை), டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 150 மி.கி. அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் ஆண்களில் 40-க்கும் பெண்களில் 50-க்கும் கீழ், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் என்பவை அவை. இவற்றில் ஏதேனும் மூன்று பொருந்தினால் அதை மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுப்பு என்கிறார்கள். பல பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் 2009-இல் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரையறை இது. இவற்றோடு சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், கல்லீரல் நொதியான ஏஎல்டி, சிறுநீரக அளவான கிரியாட்டினின் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. கடைசி இரண்டும் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தன என்று தெரியாமல் மூலிகைச் சாறு எதையும் வாயில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வயிற்றைச் சுற்றி அளக்கும்போது பேன்ட் அணியும் இடத்தில் நாடாவை வைப்பது பொதுவான பிழை. விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளவைப் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டால் ஏமாறுவது நாம்தான். இரத்த அழுத்தத்தை அளக்க, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் அமர்ந்திருந்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, இரண்டு முறை எடுத்துச் சராசரியைக் குறிப்பது போதும்.

படி 2: இப்போது உட்கொள்ளும் மருந்துகளை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்

“இது மூலிகைதானே” என்ற சொல்லை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். நீரிழிவுக்கு உலகெங்கும் முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில்தான் இருக்கிறது. கலேகா என்னும் செடியிலுள்ள கலேகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் அதன் நஞ்சு கூடுதலாக இருந்ததால் அதன் வழியில் பாதுகாப்பான சேர்மங்களைத் தேடினார்கள், 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நீரிழிவு நோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அதாவது, வேலை செய்யும் தாவரப் பொருளுக்கு வேண்டாத வேலையும் இருக்கும். இன்சுலின், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளான கிளிமிபிரைடு, கிளிக்லசைடு ஆகியவற்றில் எதையாவது எடுப்பவர், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுப்பு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றத்துக்குப் பின் சைக்ளோஸ்போரின் எடுப்பவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் கீழே நான்காம் படியில் வரும் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

படி 3: முதல் 12 வாரம் உடற்பயிற்சி மட்டும்

பொறுமை குறைந்தவர்கள் தாண்டிப் போக விரும்பும் படி இதுவே. பலன் மிகுந்த படியும் இதுவே. காரணம் எளியது. இன்சுலின் ஏவல் இருக்கும்போது இரத்தச் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது எலும்புத் தசைதான். சர்க்கரையைத் தசைச் செல்லுக்குள் கடத்தும் குளூட்-4 என்ற புரதம் ஓய்வில் செல்லின் உட்பகுதியில் கிடக்கிறது. இன்சுலின் வந்து அழைத்தால் செல்லின் விளிம்புக்கு வருகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கு அந்த அழைப்பு சரியாக எட்டுவதில்லை. ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினின் தயவே இல்லாமல், வேறொரு வழியில் அதே புரதம் விளிம்புக்கு வந்துவிடுகிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. அந்தப் பலன் கரைந்துவிடுவதால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உழைத்துவிட்டு மற்ற ஆறு நாளும் நாற்காலியில் கழிப்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

சான்றும் வலுவானது. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வாரம் 150 நிமிடப் பயிற்சியையும் 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் இலக்காகக் கொண்ட குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்த குழுவில் 31 விழுக்காடு. அந்த 58-ஐ எட்டிய தாவரக் காப்சூல் எதையும் நான் கண்டதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த அளவு, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவுப் பயிற்சியும் ஆகும். புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரத்திலேயே அங்கே பாய வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம், ஒவ்வொரு முக்கிய உணவுக்கும் பிறகு 10 நிமிடம் நடந்தால் போதும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட மூன்று உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைச் சராசரியாக 12 விழுக்காடு கூடுதலாகக் குறைத்ததைக் காட்டியது. மொத்த நேரம் ஒன்றுதான். வைத்த இடம்தான் வேறு.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நடையை 20, 25 நிமிடமாக நீட்டி வேகத்தைக் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; மிதமான வேகம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை. அதே வாரத்தில் வலுவுப் பயிற்சியையும் சேர்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது, கனமான பையை இடுப்பு நோக்கி இழுப்பது, குதிகாலை உயர்த்தி நிற்பது ஆகிய நான்கு அசைவுகள் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு நாள். கடைசி இரண்டு முறை சற்றுத் திணறலாக இருந்தால்தான் தசைக்கு அது பயிற்சி. இல்லையென்றால் வெறும் அசைவு. இடைநாட்களில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஆறாத கால்புண், நீரிழிவால் கண்ணில் இரத்தக் கசிவு உள்ளவர்கள் மட்டும் இந்தப் படியையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

இங்கே நானே மாட்டிக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பின் வலுவுப் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள், தொடைவலியோடு படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கிப் போய் இரத்தம் கொடுத்தேன். ஏஎல்டியும் ஏஎஸ்டியும் எல்லைக்கு மேலே வந்தன. அப்போது நான் எடுத்துக்கொண்டிருந்த கிரீன் டீ காப்சூலின் மேல் பழி விழுந்தது. அந்த நொதிகள் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கின்றன. பழகாத கடும் பயிற்சிக்குப் பின் ஒரு வாரம் வரைகூட அவை உயர்ந்தே நிற்கக்கூடும். பத்து நாள் கனம் எதையும் தொடாமல் மறுபடி பார்த்தபோது இயல்பாக இருந்தன. ஆகவே பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் நடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி செய்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 4: எந்த எண் இறங்கவில்லையோ அதற்கேற்ப ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

12 வாரம் கழித்து மறுபடி பரிசோதித்து, அப்போதும் விலகி நிற்கும் எண் எது என்று பாருங்கள். எல்லாம் சரியாகிவிட்டால் இந்தப் படியே தேவையில்லை.

எல்டிஎல் கொழுப்பு மட்டும் உயர்ந்திருந்தால், முதலில் யோசிக்க வேண்டியது கரையும் நார்ச்சத்து. அதிலும் இசப்கோல் உமி நான் தயங்காமல் முதலிடம் தரும் ஒன்று. ஒரு கண்ணாடிக் குவளையில் 240 மில்லி தண்ணீர் ஊற்றி ஒரு தேக்கரண்டி உமியைக் கலக்கிப் பாருங்கள். முதல் அரை நிமிடம் தவிடு மிதப்பதுபோல் இருக்கும். சில நிமிடங்களில் கரண்டியைத் தூக்கினால் கூழ் சேர்ந்து எழும். அதே கூழ் குடலில் உருவாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. உணவுச் சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தையும் அந்தக் கூழ் மட்டுப்படுத்துகிறது. நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் உமியில் 7 கிராம் கரையும் நார் கிடைக்கிறது. எல்டிஎல் 5 முதல் 10 விழுக்காடு வரை இறங்கலாம். நாளுக்கு 3 கிராமில் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை கூட்டாவிட்டால் வயிறு உப்பி, இரண்டாம் வாரத்தில் நீங்களே கைவிட்டுவிடுவீர்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும் என்பதை அந்தக் குவளையே உங்களுக்குக் காட்டியிருக்கும். விழுங்குவதில் சிரமமோ குடல் சுருக்கமோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஓட்ஸ், பார்லியிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார் நாளுக்கு 3 கிராம் என்ற அளவில் இதே வழியில் உதவுகிறது. தாவர ஸ்டீரால் நாளுக்கு 2 கிராம் எடுத்தாலும் எல்டிஎல் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

சர்க்கரையும் டிரைகிளிசரைடும் சேர்ந்து உயர்ந்திருப்பவர்கள் கேள்விப்படும் பெயர் பெர்பெரின். மரமஞ்சள் போன்ற செடிகளின் வேரிலும் பட்டையிலும் உள்ள மஞ்சள் நிறப் பொருள் அது. பயிற்சியின்போது தசையில் தூண்டப்படும் ஏஎம்பிகே என்ற நொதியை இதுவும் தூண்டுகிறது. அதனால்தான் இதைக் குப்பியில் அடைத்த உடற்பயிற்சி என்று விற்கிறார்கள். அந்த வாசகத்தை நம்ப வேண்டாம். இதயத்தையும் தசையின் வலுவையும் எந்தக் காப்சூலும் வளர்ப்பதில்லை. ஆய்வுகளில் பெரும்பாலும் 500 மி.கி. அளவில் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, உணவோடு கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, மலச்சிக்கல் ஆகியவை அடிக்கடி வரும் தொல்லைகள். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை இது தடுப்பதால் வேறு பல மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். சைக்ளோஸ்போரின் அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. பச்சிளங் குழந்தைக்குப் பித்தநிறமி மூளையில் படியும் ஆபத்து இருப்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் தொடவே கூடாது.

வெந்தயம், இலவங்கப்பட்டை, சிறுகுறிஞ்சான் ஆகிய மூன்றும் சர்க்கரைக்காக விற்கப்படுகின்றன. வெந்தயத்தின் பலன் பெரும்பாலும் அதன் பிசுபிசுப்பான நாரிலிருந்து வருவது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். இலவங்கப்பட்டையில் காசியா என்னும் முரட்டு வகையில் கூமரின் மிகுதி. நெடுநாள் எடுத்தால் கல்லீரலைத் தாக்கக்கூடியது அது. இலங்கை வகையில் அது மிகக் குறைவு. சிறுகுறிஞ்சான் இலையை மென்ற பின் சர்க்கரையை நாக்கில் வைத்தால் மணலைப் போல இருக்கும், ஏனெனில் அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைத்துவிடுகிறது. இரத்தச் சர்க்கரையில் அதற்குள்ள சான்றுகள் சிறிய ஆய்வுகளே.

அழற்சிக்காக எடுக்கப்படும் மஞ்சளின் குர்குமின் உடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்ந்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு ஆவதாக 1998-இல் காட்டினார்கள். அதிலிருந்து பல காப்சூல்களில் மிளகுச் சாறு ஏறிவிட்டது. மஞ்சள் காப்சூலால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி வந்த அறிக்கைகளில் இவ்வாறு உறிஞ்சுதல் கூட்டப்பட்டவை மீண்டும் மீண்டும் வருகின்றன. கிரீன் டீ சாறும் அப்படியே. அதன் இஜிசிஜி என்ற பொருள் துணையுணவு வழியாக நாளுக்கு 800 மி.கி. எட்டினால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் தேநீர் வேறு, வெறும் வயிற்றில் விழுங்கும் செறிவுச் சாறு வேறு.

எடைக்காக விற்கப்படும் கொடம்புளிச் சாற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. 135 பேரிடம் 12 வாரம் சோதித்து 1998-இல் வெளியான ஆய்வில் போலி மாத்திரையைவிட அது சிறப்பாக எதையும் செய்யவில்லை. கல்லீரல் பாதிப்போ பதிவாகியிருக்கிறது. செவ்வரிசி நொதிப்பொருள் கொழுப்பைக் குறைக்கிறது என்பது உண்மை, ஏனெனில் அதிலுள்ள மோனாகோலின் கே என்பது ஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டினேதான். ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் ஒரே மருந்தை இருமுறை எடுத்ததற்குச் சமம்.

படி 5: குப்பியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இலைப்படம் இருக்கும். பின்பக்கத்தில்தான் செய்தி இருக்கும். செடியின் அறிவியல் பெயர், பயன்பட்ட பகுதி, ஒரு காப்சூலில் செயற்பொருள் எத்தனை மி.கி. என்ற மூன்றும் எழுதியிருக்க வேண்டும். “1000 மி.கி. மூலிகைக் கலவை” என்று மட்டும் போட்டு உள்ளே ஒவ்வொன்றும் எவ்வளவு என்று மறைத்திருந்தால் அதை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஈயம், பாதரசம், ஆர்செனிக் சோதனையைத் தனி ஆய்வகம் செய்ததற்கான சான்று கேட்டால் நல்ல தயாரிப்பாளர் காட்டுவார். “ஒரே வாரத்தில் 5 கிலோ” என்ற உறுதிமொழி உண்மையாகவே பலித்தால் இன்னும் அஞ்ச வேண்டும். எடைக்குறைப்புக் காப்சூல்களில் சிபுட்ரமின் என்னும் மருந்து, இதயத்துக்குத் தீங்கு என்று 2010-இல் திரும்பப் பெற்ற பிறகும், ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

படி 6: பயிற்சியோடு பொருத்துங்கள்

சர்க்கரையைக் குறைக்கும் மருந்து, சர்க்கரையைக் குறைக்கும் துணையுணவு, சர்க்கரையைக் குறைக்கும் நடை ஆகிய மூன்றும் ஒரே மணி நேரத்தில் கூடினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் பையில் குளுக்கோஸ் இல்லாமல் நடைக்குப் போகக் கூடாது.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு பொருத்தமின்மை உண்டு. நான்கு வாரப் பயிற்சியோடு நாளுக்கு 1000 மி.கி. வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு இன்சுலின் உணர்வு மேம்படவில்லை, எடுக்காதவர்களுக்கு மேம்பட்டது என்று 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயிற்சியின்போது தசையில் எழும் ஆக்சிஜனேற்ற அழுத்தமே தசையைத் திருந்தச் செய்யும் சைகை. அதை அணைத்துவிட்டால் உழைப்பின் ஒரு பகுதி வீண். ஆகவே மூலிகைக் காப்சூலில் இந்த இரண்டும் மிகுந்த அளவில் சேர்க்கப்பட்டிருந்தால் நான் வேறு தயாரிப்பைத் தேடுவேன். பீட்ரூட் சாறு இதற்கு விலக்கு. அதன் நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, அது இரத்த நாளத்தைத் தளர்த்துகிறது. பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். கிருமிநாசினியால் வாய் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்களும் போய், பலனும் போய்விடும்.

படி 7: மறுபடி அளந்து முடிவெடுங்கள்

துணையுணவைத் திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். மூலிகைச் செறிவுச் சாறு எதுவாக இருந்தாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் ஏஎல்டியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளாவது, காரணமில்லாத அரிப்பு, பசியே இல்லாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே நிறுத்தி, குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பெயரை மட்டும் சொன்னால் அதில் வேறென்ன கலந்திருந்தது என்று அவருக்குத் தெரியாது. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வதால் அதை 12 வாரத்துக்கு முன் பார்ப்பதில் பொருளில்லை. அறுவைச் சிகிச்சை நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகைத் துணையுணவையும் நிறுத்தி, மயக்க மருந்து தருபவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

12 வாரத்தில் குறிவைத்த எண் அசையவில்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள், இன்னொன்றையும் சேர்க்காதீர்கள், அதை நிறுத்திவிடுங்கள். எண் இறங்கியிருந்தாலும், அது துணையுணவின் வேலையா, மெல்லக் கூடிய நடையின் வேலையா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. மருத்துவரின் ஒப்புதலோடு துணையுணவை மட்டும் நிறுத்தி, பயிற்சியை அதே அளவில் வைத்துக்கொண்டு, நிறுத்திய தேதியைக் குறிப்பேட்டில் எழுதி, மேலும் 12 வாரம் கழித்து அதே ஆய்வகத்தில், அதேபோல் வெறும் வயிற்றில், முந்தைய ஒரு வாரம் கனம் தூக்காமல், இரத்தம் கொடுங்கள்.